படத்தில் பச்சை ஒயரைக் காணோம்

மதுரை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் கதிர் அனுப்பிய படங்களும் கிடைத்தன. முழங்கால் வலி இப்போது தேவலை. மாடிப்படி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

பையன் கெட்டிக்காரன்தான். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றி வந்து கம்ப்யூட்டரைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர வைக்கிறான் என்றால் சும்மாவா? ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் திக்கென்றது. கம்ப்ரஸருக்கு இரண்டு ஒயர்தான் போகிறது. எர்த்துக்கான பச்சை ஒயரைக் காணோம். போனில் கேட்டால், "அதான் கம்ப்யூட்டருக்கு எர்த் இருக்கே மாமா" என்கிறான்.

கம்ப்ரஸர் என்கிற அந்தக் கறுப்புப் பானைக்குள் மோட்டார் எண்ணெயிலும் கேஸிலும் ஊறிக் கிடக்கிறது. பல வருஷம் ஓடிய மோட்டார் காயில். இன்சுலேஷன் எங்காவது விட்டால் 230 வோல்ட் பானையின் உடம்புக்கு வந்துவிடும். பானையிலிருந்து செப்புக் குழாய், அதன் முனையில் சிபியு சிப் மேல் உட்காரும் செப்புக் கட்டி, பிறகு மதர்போர்டு, கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியான கேபினட், அதற்குள் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கம்ப்ரஸருக்கென்று எர்த் இல்லாவிட்டால் லீக்கேஜ் இந்த வழியாகத்தான் மண்ணைத் தேடிப் போகும், மதர்போர்டு கருகும். கம்ப்யூட்டர் பிளக்கிலும் எர்த் இல்லையென்றால், கேபினட்டைத் தொடுகிறவன் கைதான் எர்த்.

சுவரில் மூன்று ஓட்டை இருப்பதை நம்பிவிடாதே. முன்பு நான் குடியிருந்த வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சாக்கெட்டைக் கழற்றினேன்: எர்த் முனையில் ஒயரே இல்லை! எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரன்ட் வரும் இரண்டு ஒயரிலிருந்தும் கேபினட்டுக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாதபோது கேபினட் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். அந்தச் சுர்ரு ஆளைக் கொல்லாது, ஆனால் நல்ல கோள்சொல்லி. எலக்ட்ரீஷியன் ஒருவர் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து முறுக்கிவிடலாம் என்றார். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினட் முழுக்கக் கரன்ட்தான். அனுப்பி வைத்துவிட்டேன்.

கதிரிடம் சொல். ரப்பர் புஷ் மேல் நிற்கும் கம்ப்ரஸருக்கு அடிப்பலகை எர்த் ஆகாது. பெயின்டைச் சுரண்டி, ஒயர் முனைக்கு லக் என்கிற வளையம் போட்டு, பச்சை ஒயரைப் பானையின் எர்த் ஸ்குரூவிலேயே முடுக்க வேண்டும். அங்கிருந்து கேபினட்டுக்கும் ஒரு ஒயர். இரண்டு பிளக்கும் ஒரே சுவிட்ச் போர்டில் இருக்கட்டும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பிளக்கின் பெரிய எர்த் பின்னுக்கும் பானைக்கும் மீட்டர் வைத்தால் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும்.

எம்சிபி இருக்கிறதே, கரன்ட் அதிகமானால் அதுவே அணைந்துவிடுமே என்பான். உங்கள் எர்த் குழி காய்ந்து அதன் தடை 50 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் எம்சிபி அசையாது. கொஞ்சம் கசிந்தாலே கரன்டை நிறுத்துகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வாங்கிப் போடு. வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீரும் ஊற்று. அப்புறம், குழாயில் பனி பிடித்துச் சொட்டுகிற தண்ணீர் கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ணும் ரிலே பக்கம் போகக் கூடாது. படத்தில் அங்கே ஈரம் தெரிகிறது.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன், காயிலுக்கும் பானைக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்த்துவிடலாம். அதுவரை கம்ப்ரஸர் பிளக்கைப் பிடுங்கி உன் பீரோவில் வைத்துப் பூட்டு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜாமணி