மெயில் சர்வர் டிஸ்க்: கொட்டேஷன் கேட்குமுன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போடியிலும் மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கமும் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சிலர் சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கிறீர்கள். டிஸ்க் மாற்ற வந்தால் முதல் கேள்வி “எத்தனை டிபி?” நாற்பது பேருக்கு ஆளுக்கு 10 ஜிபி என்றாலும் 400 ஜிபிதான். ஏல நாளில் லாட் பட்டியலும் பில்லும் ஒரே நேரத்தில் குவியும்போது சர்வர் திணறுவது இடம் இல்லாமல் அல்ல.

வந்த மெயிலை வரிசையில் எழுதி, டிஸ்க்கில் பதிந்தது உறுதியான பிறகே சர்வர் “வாங்கிக்கொண்டேன்” என்று பதில் சொல்லும். அப்புறம் அவரவர் மெயில் பெட்டியில் ஒரு தரம், மெயிலைத் தேடி எடுக்க உதவும் இன்டெக்ஸில் ஒரு தரம். எல்லாமே பொடிப்பொடி எழுத்து, டிஸ்க்கில் ஆளுக்கொரு மூலையில். நிமிடத்துக்கு 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் இந்த மாதிரி வேலையை நொடிக்கு 80 தரம் வாக்கில்தான் செய்யும். நான்கு சேர்ந்தால் 320. பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தரவு போகாமல் வைக்கும் முறைதான் ரெய்டு. ரெய்டு 10-ல் எதையும் இரண்டு தரம் எழுத வேண்டும், நிற்பது 160. ரெய்டு 5-ல் பழைய தரவையும் பேரிட்டியையும் (கெட்ட டிஸ்க்கின் தரவை மீட்க வைக்கும் கணக்கு) படித்து, இரண்டையும் மறுபடி எழுத வேண்டும், நிற்பது 80. நான்கு டிஸ்க்குக்குக் காசு கொடுத்து ஒன்றின் வேகம்! மெயிலுக்கு ரெய்டு 5 வேண்டவே வேண்டாம்.

400 ஜிபிக்குள் என்றால் 960 ஜிபி சர்வர் ரக எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) இரண்டு, ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு) போதும். பழைய மெயில் டிபி கணக்கில் இருந்தால் அதற்கு மட்டும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு, ரெய்டு 10. வரிசையும் இன்டெக்ஸும் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். லேப்டாப் எஸ்எஸ்டி விலை குறைவுதான், ஆனால் கரண்ட் போனால் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் அதில் பெரும்பாலும் இருக்காது. ஐப்பசி இடிக்கு நம் ஊரில் யுபிஎஸ்ஸை மட்டும் நம்ப முடியாது.

ஹார்ட் டிஸ்க்கில் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும்) வகையைத் தவிருங்கள். கெட்ட டிஸ்க்கை மாற்றி ரெய்டு திரும்பக் கட்டும்போது இழுத்தடிக்கும். நல்ல 4 டிபி டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி வேகத்தில், வேறு வேலை இல்லாதபோது, 11 மணி நேரம் எடுக்கும். ரெய்டு கன்ட்ரோலர் கார்டின் பேட்டரி செத்தால், எழுத்தைத் தற்காலிகமாகத் தாங்கும் அதன் கேஷ் நின்று எழுத்து மந்தமாகும். பழியெல்லாம் டிஸ்க் மேல் விழும்.

இடம் இருந்தும் “இடமில்லை” என்று வந்தால் ‘டிஎஃப் -ஐ’ (df -i) கட்டளை கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறை வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடுதான் (கோப்புக்கு ஒன்று வேண்டிய பதிவு) ஒதுக்கும். மெயிலுக்கு ஒரு கோப்பு என்ற முறையில் சின்ன மெயில்கள் அதை முதலில் தீர்த்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறையில் இந்தத் தொல்லை குறைவு. பேக்கப் தனி, ரெய்டு அதற்கு ஈடாகாது.

ஏல நாள் காலையில் டிஸ்க் வேலையை 5 நொடிக்கு ஒரு தரம் காட்டும் ‘ஐஓஸ்டாட் -எக்ஸ் 5’ (iostat -x 5) கட்டளையை ஓடவிட்டு, வருவதை அப்படியே அனுப்புங்கள். விலையை அதைப் பார்த்துச் சொல்கிறோம்.