பைக் பெட்டிக்குள் முதலுதவி: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

தருமபுரி வட்டாரத்தில் பைக் ஓட்டுபவர்களுக்கான முதலுதவிப் பயிற்சிக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி டைலர் அக்காவுக்கு. ஒரு மீட்டர் சதுரக் காடாத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு கிடைக்கும். அதை யாரும் வெட்டிவிடலாம். வெட்டுவதற்கு முன் துணியை வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்தீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி. கஞ்சித் துணி ரத்தத்தை உறிஞ்சாது, முடிச்சும் வழுக்கும். வண்டியிலிருந்து விழுகிறவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டும் காறை எலும்பும் அடிக்கடி உடைகின்றன. அந்தக் கையைத் தொட்டில்போல் தாங்க இந்தத் துணி ஒன்றே போதும்.

பஞ்சு கேட்டவர்களுக்குப் பஞ்சு தராமல் காஸ் துணி (வலைபோல நெய்த மெல்லிய மருத்துவத் துணி) எடுத்துக் கொடுத்த மெடிக்கல் அண்ணனுக்கும் நன்றி. பஞ்சின் நார் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் மறுபடி ரத்தம் வரும். அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் நாலு அங்குல ரோலர் பேண்டேஜ் 4, காஸ் 10, கையுறை 2 ஜோடி, புண் கழுவ 100 மி.லி. சலைன் (உப்புநீர்), சின்னக் கத்தரிக்கோல் ஒன்று.

பொட்டலத்தை ஜிப் கவரில் போட்டு சைடு கவருக்குள் வைக்கச் சொன்னவர் மெக்கானிக் அண்ணன். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பிளாஸ்டரின் பசை உருகும், கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னதும் அவரே. பயிற்சியில் நல்ல கேள்வியும் அவருடையதுதான்: "பழைய டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினா ரத்தம் நிக்காதா?" பெரும்பாலும் நிற்காது. ரப்பர் இழுபடும் என்பதால் மேலோட்டமாக இருக்கும் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) மட்டும் அடைபடும். ஆழத்தில் ஓடும் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைபடாது. உள்ளே வருகிற ரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் காயத்தின் வழியே முன்னைவிட அதிகமாகக் கொட்டும். மெல்லிய கயிறும் ஆகாது, நரம்பை நசுக்கும். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் உடம்பு எடையைக் கொடுத்துப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது, உறைந்தது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள்.

டீக்கடை அண்ணாச்சிக்குத் தனி நன்றி. காயத்தில் அப்புவதற்கு டீத்தூள் கேட்டு வந்தால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் தையல் போட முடியும். அடிபட்டவருக்குச் சோடாவும் கிடையாதாம். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வியாபாரத்தை விட்டுக்கொடுத்த மனுஷன்!

விடுமுறை நாளில் வந்து கற்றுக்கொடுத்த 108 ஊழியர்கள் ஹெல்மெட்டுக்கே பாதிப் பொழுதைச் செலவிட்டது சரியான முடிவு. மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, தலையை அசையாமல் பிடித்திருந்தால் போதும். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது என்றால்தான் கழற்ற வேண்டும், அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இருபுறமும் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் தாங்க வேண்டும். பிறகு தலைமாட்டில் இருப்பவர் ஓரங்களை வெளிப்பக்கம் விரித்து, மூக்கில் இடிக்காமல் லேசாகச் சாய்த்து இழுக்க வேண்டும். ஹெல்மெட் வெளியே வரும் அந்த நொடியில்தான் தலை தொப்பென்று விழும். பிடரியில் இருக்கும் கை அதற்காகத்தான். வார் மாட்டாதவரிடம் இந்தச் சிரமமே இல்லை, அவர் ஹெல்மெட் எப்போதோ பறந்து போயிருக்கும்.

தொப்பூர் கணவாயிலிருந்து போன் செய்யும்போது "சேலம் போகிற பக்கம்" அல்லது "பெங்களூரு போகிற பக்கம்" என்று சொல்லச் சொன்னதும் அவர்கள்தான். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் தப்பான பக்கம் வந்த வண்டி திரும்ப வழி தேடி அலைய வேண்டும். கிலோமீட்டர் கல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடிபட்டவரை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். முதுகெலும்பில் அடி இருந்தால் அந்தக் குலுக்கலே போதும், கால் விளங்காமல் போக.

"போலீஸ் கேஸ் ஆகுமே" என்ற பயத்துக்குப் பதில் சொன்ன வக்கீல் ஐயாவுக்கும் நன்றி. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு வராது, பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. கர்நாடகப் பதிவு வண்டிகள் இவ்வளவு ஓடும் நம் சாலையில் இது தெரிந்திருப்பது நல்லது.

முக்கோணக் கட்டு தீர்ந்தவர்கள் டைலர் அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம். துணி மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்றுநர்கள், தருமபுரி