அவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வடக்கு ஸ்பெயினின் பாஸ்க் நாடு பற்றியும், அங்கே தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய எத்தா அமைப்பின் கொலைகள் பற்றியும் வந்த கட்டுரையில், 'பொதுமக்கள் பயந்து வேடிக்கை பார்த்தனர்' என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அங்குள்ள பில்பாவோ நகரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். என் எதிர்வீட்டு அம்மா வேடிக்கை பார்த்தவர் அல்ல.

ஹெஸ்தோ போர் லா பாஸ் என்ற பாஸ்க் அமைதி அமைப்பைத் தாங்கள் அறியாமல் இருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் அரசியல் வன்முறையில் யார் செத்தாலும் மறுநாள் பொது இடத்தில் கூடிக் கால் மணி நேரம் பேசாமல் நிற்பார்கள். செத்தவர் போலீஸ்காரரா, எத்தா ஆளா என்று பார்த்ததில்லை. அந்த அம்மா முதன்முதலாகப் போய் நின்ற அன்று மொத்தமே ஏழு பேர்தானாம். 1993-ல் தொழிலதிபர் ஹூலியோ இக்லேசியாஸ் சமோராவை எத்தா கடத்தியபோது, அவரை விடுவிக்கக் கோரும் நீல ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு தினமும் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்காகவே அவரோடு பேச்சை நிறுத்திய சொந்தக்காரர்கள் உண்டு. அமைதியாக நின்றவர்களுக்கு எதிரே எத்தாவை ஆதரித்துக் கத்தியவர்களில் பக்கத்துத் தெருப் பையன்களும் இருந்தார்கள். ஒவ்வொருவன் பெயரும் தெரியும் என்பார். இப்போதும் சனிக்கிழமைதோறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறார். எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஒரு காசு வாங்கியதில்லை.

சுட்டவர்களின் பெயர், அவர்கள் சிறையில் இருந்த வருடக் கணக்கு எல்லாம் கட்டுரையில் இருக்கிறது. மைஷாபெல் லாசா எங்கே? 2000-ல் கணவரை எத்தா கொன்றது. 2011-ல் அந்தக் கொலையாளிகளில் ஒருவரைச் சிறையில் நேரில் சந்தித்துப் பேசினார் அவர். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது முதல் முறையும் இல்லை. முன்பு பாஸ்க் மொழியை ஸ்பானிஷின் வட்டார வழக்கு என்று எழுதியிருந்தீர்கள். எந்த மொழிக் குடும்பத்திலும் சேராத மொழி ஐயா அது! அன்று நான் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. பாஸ்க் நாட்டின் கெர்னிகா ஊரைப் பற்றிய குறிப்பிலும் பிக்காசோவின் ஓவியம் மட்டும்தான் இருந்தது. 1937-ல் குண்டுவீச்சில் செத்த சனங்கள் இல்லை. முப்பது வருடமாகச் சந்தா கட்டி வாசிக்கிறவனுக்கு இதெல்லாம் வலிக்கிறது.

சரி, ஒன்றாவது செய்யுங்கள். எத்தா 2018-ல் ஆயுதப் போராட்டத்தை நிறுத்தியதாக அச்சாகியிருக்கிறது. நிறுத்துவதாக அறிவித்தது 2011 அக்டோபர் 20-ல். 2018 மே மாதம் அமைப்பைக் கலைத்தார்கள். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். கடிதத்தில் இடம் போதாதென்று எதையாவது வெட்டுவதானால், அந்த அம்மாவைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்