காலியாக விட்ட இடங்களுக்குக் கீழே ஒரு கையெழுத்து

தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன வருஷம் என் அப்பாவை ஹெர்னியா ஆபரேஷனுக்காக உங்களில் ஒருவரிடம் சேர்த்தோம். பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் மற்ற இடங்களிலும் இதே கதைதான்.

ராத்திரி பத்தரை மணி. அட்மிஷன் கவுன்டரில் ஒரு கத்தைத் தாளை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார்கள். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுங்க ஐயா." அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். சில்லறையைக்கூட இரண்டு தடவை எண்ணித்தான் பைக்குள் போடுவார். அன்று ஒன்பது இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிவம் இங்கிலீஷில் இருந்தது, கண்ணாடியோ வீட்டில்.

மறுநாள் நான் வாங்கிப் பார்த்தேன். அதில் ஒரு தாள், அவருடைய மருத்துவத் தகவல்களை வெளியே கொடுக்க அவர் தரும் ஒப்புதல். யாருக்கு என்ற இடம் காலி. எந்தக் காகிதங்கள், எதுவரை செல்லும், இரண்டும் காலி. கீழே கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவம் தனி. இதுவரை வைத்தியம் பார்த்த எந்த மருத்துவமனையிடமும் மருத்துவரிடமும் கம்பெனி தகவல் கேட்கலாம் என்று அதன் உறுதிமொழியிலேயே இருக்கிறது. சரி, பணம் தருகிறவர் கேட்கத்தான் செய்வார். உங்கள் தாளில் யாருக்கென்றே இல்லையே!

அப்புறம் வேறொரு டாக்டரிடம் காட்ட அதே ஃபைலின் நகலைக் கேட்டோம். எம்.ஆர்.டி.க்கு (மருத்துவ ஆவணப் பிரிவு) போங்கள், பெரியவர் நேரில் வரணும், சார் லீவு என்று பதினோரு நாள் போனது. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் வருஷ விதிகளில் இருக்கிறது. ஊராருக்குக் கொடுக்க அரை நிமிஷம், உடையவருக்குக் கொடுக்கப் பதினோரு நாளா?

எல்லாத் தகவலும் ஒன்றல்ல என்பதையும் உங்கள் படிவம் கண்டுகொள்வதில்லை. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லப் பொதுவாக அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். மனநல சிகிச்சை விவரங்களுக்கும் அதே வருஷம் வந்த மனநலச் சட்டம் ரகசியப் பாதுகாப்பு தருகிறது. "அனைத்து விவரங்களும்" என்ற ஒற்றை வரியில் இதையெல்லாம் சுருட்டி வைக்க முடியாது.

படிவத்தைத் தமிழில் கொடுங்கள். 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் கேட்கும் வாசகம் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பெறுபவர், காகிதம், கடைசித் தேதி மூன்றையும் நிரப்பிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். போட்டவர் கையில் ஒரு நகல் கொடுங்கள், ஜெராக்ஸ் காசை நாங்களே தருகிறோம்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மறுபடி செக்கப். காலி இடம் இருந்தால் குறுக்கே கோடு போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பாவம், அவரைத் திட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்