டைவர்ஷனும் ரோடுதான்

கும்பகோணம் ரோட்டை நான்கு வழியாக்குகிற பொறியாளர்களுக்கும், ஒப்பந்தக்காரர்களுக்கும், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற சூப்பர்வைசர்களுக்கும்,

வணக்கம்.

நான் வேன் ஓட்டுகிறவன். நவக்கிரகக் கோயில் டூர். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தாம்பரத்தில் ஆள் ஏற்றினால், விடியற்காலையில் கும்பகோணத்தில் இறக்கிவிட வேண்டும். ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக இதே ரோடுதான். உங்கள் கணக்கில் இது தேசிய நெடுஞ்சாலை 36. எங்களுக்கு இன்னமும் 45சி. நம்பரை மாற்றிப் பல வருஷம் ஆகியும் வாய் மாறவில்லை.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை ஏறக்குறைய 165 கிலோமீட்டர். அதை மூன்று துண்டாகப் பிரித்து வேலை எடுத்தீர்கள். நடுத்துண்டு, சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கிலோமீட்டர், 2025 ஜூலை 26-ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் பிரதமர் திறந்துவைத்தார். கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு வழிப் பாலம். அணைக்கரையைக் கடந்து பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அங்கே இருப்பது 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. அந்த அணையின் மேலேயே ஒடுக்கமான பாதை. இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் விடுவார்கள், அந்தப் பக்கம் நிறுத்தி இந்தப் பக்கம் விடுவார்கள். கனரக வண்டிக்கு அனுமதியே கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே என்ஜினை அணைத்துவிட்டு ஆற்றுக் காற்று வாங்கியதும் ஒரு சுகம்தான், அது வேறு விஷயம். இப்போது புதுப் பாலத்தில் ஏறி இறங்கும்வரை பின்னால் தூங்குகிறவர்கள் புரண்டுகூடப் படுப்பதில்லை. நிஜமாகவே நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதுவது மிச்சமிருக்கிற முதல் துண்டைப் பற்றி: விக்கிரவாண்டி, கண்டரக்கோட்டை, பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு. இங்கே வேலை ஏன் இழுக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. நிலம் எடுக்க வேண்டும், கரண்ட் கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் மாற்ற வேண்டும், ரோட்டை உயர்த்த மண் கிடைக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் தார் போட முடியாது. ஆகட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் பொறுத்துக்கொள்வோம், பொறுத்துத்தான் இருக்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான். வேலை நடக்கிற நாளிலும் அது ரோடு. அதன் மேல் பஸ் போகிறது, பால் வண்டி போகிறது, 108 போகிறது. வேலை முடிந்த பிறகுதான் அது ரோடு ஆகும் என்கிற நினைப்பில்தான் ஆபத்து எல்லாம் இருக்கிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அது இந்த ரோட்டில் நடக்கவில்லை. எந்த ஊர், யார் கான்ட்ராக்ட் என்று எழுதவும் மாட்டேன், ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போகும்போது டைவர்ஷன் இடது பக்கம் இறங்கியது. மறுநாள் ராத்திரி அதே வழியாகத் திரும்பினேன், தூறல். நடுவில் இருந்த ஒரு பகலில் டைவர்ஷனை வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். மாற்றியதில் தப்பில்லை, பழைய பக்கம் சிறுபாலத்துக்குப் பள்ளம் எடுத்திருந்தார்கள். தடுப்புக்கு இரண்டு தார் டிரம், நடுவில் கட்டுக்கம்பியால் கட்டிய அம்புக்குறிப் பலகை. இதெல்லாம் பிறகு இறங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நான் வந்தபோது ஒரு டிரம் எங்கோ உருண்டு போயிருந்தது, சுற்றியிருந்த சீரியல் லைட்டுக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. முந்தின நாள் போன ஞாபகத்தில் திருப்பினேன். முன்சக்கரம் இறங்கிவிட்டது. நல்ல வேளை, அப்போது இருபதில்தான் வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு முன்சீட்டுக் கம்பி நெற்றியில் பட்டு நான்கு தையல். டார்ச் அடித்துப் பார்த்தால் அம்புக்குறிப் பலகை பள்ளத்தில் மல்லாந்து கிடக்கிறது, அம்பு நேராக வானத்தைக் காட்டிக்கொண்டு. அந்தப் பாட்டிதான் முதலில் சிரித்தார். "மேலே போகச் சொல்லுதுப்பா" என்றார்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80-ல் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டும். எதிரே வண்டி வருகிறதென்று லைட்டை டிம் பண்ணினால் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய நாற்பது மீட்டர். டிரம் கண்ணில் பட்டு, அது டிரம் என்று புத்திக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை, இரண்டு விநாடி ஆகும். அதற்குள் அந்த நாற்பது மீட்டரும் தீர்ந்துவிடும். டிரம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது இருக்கும் இடத்திலேயே சொன்னால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முன்னாலேயே சொல்ல வேண்டும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. வேலை நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று, ரோட்டுக்கான விதிமுறைகளை வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு எஸ்.பி. 55 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, அப்புறம் பாதை மெல்லச் சாய்ந்து குறுகும் பகுதி, அப்புறம் வேலை நடக்கும் இடம், கடைசியில் பழைய பாதைக்குத் திரும்பும் பகுதி என்று வரிசையாகச் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அது இருக்கும். காகிதத்தில் இருப்பதை மண்ணில் இறக்குவதுதான் பாக்கி.

அதனால் என் முதல் கோரிக்கை, டைவர்ஷனை இடம் மாற்றுகிற நாளைப் பற்றியது. புதிதாக வருகிறவன் பயந்து பயந்து மெதுவாகத்தான் வருவான். மாட்டுகிறவன் என்னைப்போல் அடிக்கடி போய்வருகிற பழக்கக்காரன். அவன் கண்ணால் ஓட்டுவதில்லை, ஞாபகத்தால் ஓட்டுகிறான். பாதை மாறிய முதல் மூன்று ராத்திரிக்காவது, அரை கிலோமீட்டர் முன்னாலேயே "இன்று முதல் பாதை மாற்றம்" என்று தேதி போட்டு ஒரு பலகை வையுங்கள். தேதி முக்கியம். எப்போதோ வைத்த "டேக் டைவர்ஷன்" போர்டு புழுதி பிடித்து, மரம் மாதிரி கண்ணுக்குப் பழகிப்போயிருக்கிறது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் படிந்த புழுதியை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் லாரி எப்படியும் புழுதிக்குத் தெளித்துக்கொண்டுதானே போகிறது, அதிலிருந்து ஒரு வாளி போதும்.

இரண்டாவது, கிலோமீட்டர் கல். ரோட்டை அகலப்படுத்த முதலில் பிடுங்குவது அதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பைக் விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். 108-க்கு அடித்தால் "எந்த இடம் சார்?" என்பார்கள். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில், இடது பக்கம் முந்திரித் தோப்பு, வலது பக்கம் மண் குவியல் என்றா சொல்வது? அங்கே எல்லா இடமும் அப்படித்தான் இருக்கும். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்தாலும் இதே கேள்விதான். கான்கிரீட் தடுப்புகளின் மேல் இரு நூறு மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்டில் எண்ணை எழுதிவிடுங்கள். ஒரு டப்பா பெயின்ட், ஒரு பிரஷ், அரை நாள் கூலி.

மூன்றாவது, முடியாத பாலத்தின் வாய். ஏறுபாதை மண் போட்டு உயர்ந்து, பார்க்க ரோடு மாதிரியே இருக்கும். மேலே ஸ்லாப் இருக்காது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், மேப் காட்டிய வழியில் போன கார் ஒன்று பாதியில் நின்ற பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நேற்றைய ரோட்டையோ நாளைய ரோட்டையோதான் காட்டும். இன்றைய ரோட்டைக் காட்ட வேண்டியது நீங்கள். அங்கே நாடாவும் டிரம்மும் போதாது. வண்டி மோதினாலும் நகராத கான்கிரீட் கட்டைகளைக் குறுக்கே போடுங்கள், அல்லது இடுப்பளவு மண்மேடு போடுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடையில் ஹியூம் பைப் என்கிற பெரிய சிமெண்ட் குழாயை வைத்து மேலே மண்ணைக் கொட்டிய தற்காலிகப் பாதைதான் முதலில் அடித்துக்கொண்டு போகும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது ஞாபகம் இருக்கும். சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்தபோது, அரசூர் பக்கம் திருச்சி ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு ரோடு நின்றால் அதன் பாரம் பக்கத்து ரோட்டின் தலையில்தான் விழும். அந்தச் சமயத்தில் பக்கத்து ரோடு பைப் வைத்த மண்பாதையாக இருந்தால் என்ன ஆகும்? ஐப்பசி பிறப்பதற்குள் எந்தெந்த டைவர்ஷனில் தண்ணீர் ஏறும் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். உங்கள் லெவல் கருவியைவிட அங்கே டீக்கடை வைத்திருக்கிறவருக்கு நன்றாகத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

பைக்காரர்களுக்காகவும் ஒரு வார்த்தை. பழைய தாரை மில்லிங் போட்டுச் சுரண்டியதும் தரையில் கோடு கோடாக வரி விழுகிறது. அதில் பைக்கின் முன்சக்கரம் தானாக அலையும். ஒரு பக்கம் மட்டும் புதுத் தார் போட்டு மறுபக்கத்தை மறுநாளைக்கு விட்டால், நடுவில் ஐந்து சென்டிமீட்டர் விளிம்பு நிற்கும். வேனுக்கு அது ஒரு சின்ன அதிர்வு. மனைவி குழந்தையோடு போகிற பைக்குக்கு அது ஒரு சுவர். அந்த விளிம்பைச் சரிவாக்காமல் ராத்திரிக்கு விட்டுப் போகாதீர்கள்.

இதை என்னைப்போல் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களும் படிப்பார்கள், அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. சேத்தியாத்தோப்பைத் தாண்டிய பிறகு கிடைக்கிற வேகத்தை விக்கிரவாண்டியிலிருந்தே எதிர்பார்க்காதீர்கள். முதல் துண்டுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எதிரெதிர் வண்டிகள் ஒரே பக்கத்தில் ஓடும் இடங்களில் முந்தவே வேண்டாம், நடுவில் இருப்பது கோடு மட்டும்தான். பலாப்பழ சீசனில் பண்ருட்டி ஓரத்தில் கார்கள் திடீரென்று நிற்கும், முன்பு மண் ஓரத்தில் ஒதுங்கினார்கள், இப்போது ஒதுங்க ஓரமே இல்லை. டிப்பர் லாரி ஏறி இறங்கும் இடத்தில் சிந்திய மண், முதல் தூறலில் சோப்பு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், கொடி பிடித்து நிற்கிற பையன்கள். பாதிப் பேர் வட மாநிலத்திலிருந்து வந்தவர்கள். பச்சைத் துணி ஒரு கையில், சிவப்புத் துணி ஒரு கையில், மேலே ஒளிரும் கோட்டு. அந்தக் கோட்டையும் ஒரு ராத்திரி ஒருவன் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், பன்னிரண்டு மணி நேரம் நின்றவனை என்ன சொல்வது. நாம் ஹாரன் அடிப்பது, கண்ணாடியை இறக்கித் திட்டுவது எல்லாம் அவனிடம்தான். டைவர்ஷனை எங்கே வைப்பது என்று தீர்மானித்தவன் அவன் இல்லை. அதிகாரிகளுக்கும் சொல்கிறேன்: இரண்டு முனையிலும் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுங்கள். கடைசியாக விட்ட வண்டி எது என்று கத்திக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சத்தம் லாரி இரைச்சலில் எங்கே கேட்கும்?

வடலூர் தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனக் கூட்டம் நடந்தே வரும், ரோட்டோரமாகத்தான் வரும். அந்த நான்கைந்து நாளைக்காவது பள்ளம் எடுக்கிற வேலையை வேறு பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிதாக ஒன்று வருகிறது. போன மகாமகம் 2016 பிப்ரவரி 22. பன்னிரண்டு வருஷக் கணக்கில் அடுத்தது 2028. வடக்கேயிருந்து வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு இந்த ரோட்டில்தான் இறங்கும். அதற்குள் முடித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். முடியாமல் போனால், எந்தெந்த இடம் முடிந்திருக்காது என்பதை ஆறு மாதம் முன்னாலேயே பஸ் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்கிலும் ஒட்டிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. தெரிந்தால் நாங்கள் சிதம்பரம் வழியாகப் போய்க்கொள்வோம்.

டோல்கேட் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்குத் தனி மடல் வேண்டும், என் ரத்த அழுத்தத்துக்கு இன்றைக்கு இது போதும்.

வருகிற வெள்ளிக்கிழமையும் வண்டி உண்டு. பன்னிரண்டு பேர், அதில் நான்கு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ராத்திரி ஒரு மணி வாக்கில் விக்கிரவாண்டியில் திரும்புவேன், இரண்டரைக்குள் வடலூரைத் தாண்டுவேன். அன்று பகலில் எங்காவது டிரம்மை நகர்த்தினால், தேதி போட்ட அந்தப் பலகையை அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
45சி-யில் ஓடும் ஒரு வேன் டிரைவர்