மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

திடீரென மயங்கி விழுந்து இறந்தவர் யாராயினும் 'மாரடைப்பால் மரணம்' என்றே செய்தி வருகிறது. முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்த எனக்கு இது உறுத்துகிறது.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபடுவது. பெரும்பாலும் இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். நோயாளி பேசவும் செய்வார். இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. வலது மேலறைச் சுவரில் உள்ள சைனோ-ஏட்ரியல் கணு என்னும் சிறு திசுவில்தான் துடிப்புக்கான மின்தூண்டல் பிறக்கிறது. மூளையின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. தனியே விட்டால் அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல இழுத்துப் பிடிப்பதால்தான் ஓய்வில் 70 அளவில் நிற்கிறது. மாடிப்படி ஏறத் தொடங்கியதும் முதலில் தளர்வது அந்தக் கடிவாளமே; துடிப்பை விரைவுபடுத்தும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை பிறகுதான். (இதைக் கேட்டு மாணவர்கள் வியந்த முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.) இந்த மின்னொழுங்கு குலைந்தால் கீழறைகள் வெறுமனே நடுங்கும். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உந்திய இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் போகாது. மாரடைப்பு இதற்குக் காரணமாகலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நெஞ்சுவலி வந்தவரைத் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நினைவிழந்து மூச்சின்றிக் கிடப்பவருக்கோ, 108-ஐ அழைத்துவிட்டு, அருகில் நிற்பவரே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். இத்தகைய செய்திகளின் அடியில் இந்த இரண்டு வரிகளையாவது தாங்கள் அச்சிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், தஞ்சாவூர்