பட அட்டையில் இல்லாத சொற்கள்

அன்புள்ள கயல்,

சிறப்புப் பள்ளியின் விடுதிப் பொறுப்பும் உன்னிடம் வந்துவிட்டது என்றாய். அங்குள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பதும் இனி உன் வேலைதான். முதலில் பேச்சு வராத பிள்ளைகளின் பட அட்டையை எடுத்துப் பார். சோறு, தண்ணீர், கழிவறை எல்லாம் இருக்கும். மார்பு, ஆண்குறி, பெண்குறி, பிட்டம் இருக்காது. "வேண்டாம்", "தொட்டார்", "வலிக்குது" இருக்காது. படமே இல்லாத பிள்ளை எதைத் தொட்டுக் காட்டும்? இவற்றைச் சேர். அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் போட்டோவையும் சேர், உன்னுடையதையும்தான்.

ஒட்டினால் மட்டும் போதாது, "வேண்டாம்" தினமும் பலிக்க வேண்டும். ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டால் கரண்டியை இறக்கு. குளிப்பாட்டும் முன், டயாப்பர் மாற்றும் முன் சொல்லிவிட்டு, தலையசைப்புக்குக் காத்திரு. "யார் தொட்டாலும் சும்மா இருக்கும், தங்கமான பிள்ளை" என்று ஆயாக்கள் மெச்சுவதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். தீங்கு செய்ய வருபவனுக்கு வேண்டியது அந்த அடக்கம்தான்.

அவன் வெளியிலிருந்து வருவது குறைவு. 2018இல் சென்னை அயனாவரத்தில் காது கேளாத 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்கில் சிதைத்தவர்கள், அந்தக் குடியிருப்பிலேயே வேலை பார்த்த லிஃப்ட் ஆபரேட்டர், காவலாளி, பிளம்பர் போன்றவர்கள். 2020இல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆகவே வேன், குளியலறை, பிசியோதெரபி அறை என ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் கண்மறைவில் தனித்திருக்கும் இடங்களைக் குறித்துக்கொள். ஆண் பிள்ளைகளை விட்டுவிடாதே. வேனில் ஏற அடம்பிடிப்பது, புதிதாகப் படுக்கையை நனைப்பது, ஒருவரைக் கண்டதும் கையைக் கடித்துக்கொள்வது எல்லாவற்றையும் "ஆட்டிசம், அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள். போன மாதம் இல்லாத பழக்கமா? தேதி போட்டு எழுது.

பிள்ளை சொல்லிவிட்டால், "டிரைவர் மாமாதானே?" என்று கேட்டுவிடாதே. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளை உன்னை மகிழ்விக்கவே தலையாட்டும். குறுக்கு விசாரணையில் அதை வைத்தே வழக்கை உடைப்பார்கள். "என்ன நடந்துச்சு?" போதும். சொன்ன சொல், காட்டிய படம், செய்த சைகை, அப்படியே எழுது. "உன் மேல தப்பில்லை" என்று அவளுக்குப் புரிகிற விதத்தில் சொல்.

குளிப்பாட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. உடைகளைத் தனித்தனிக் காகித உறையில் வை. பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தரக் கடமைப்பட்டது. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022இல் தடை செய்துவிட்டது, அதைச் செய்ய விடாதே.

18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். "பள்ளி பேர் கெடும்" என்று நிர்வாகி சொன்னாலும் தகவல் தராமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழை. 18 தாண்டியவரின் சான்றிதழில் "மனவயது 6" என்றிருந்தாலும் போக்சோ பொருந்தாது என்று 2017இல் தீர்ப்பு வந்துவிட்டது. பொதுவான குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் புகார் கொடு. எப்படியானாலும் போலீஸ் அவள் இருக்கும் இடத்துக்கே வந்து, சிறப்புக் கல்வியாளரோ சைகை மொழிபெயர்ப்பாளரோ உடனிருக்க, வீடியோவில் பதிய வேண்டும். அந்த வேலைக்கு நீ உட்காராதே; முதலில் கேட்டவள் நீ என்பதால் நீ சாட்சி. வெளியிலிருந்து ஒருவரை வரவழை. மாஜிஸ்திரேட் முன் வீடியோவில் சொன்னதே கோர்ட்டில் அவள் தரப்பு முதன்மை விசாரணையாகக் கொள்ளப்படும்; முழுக்க மறுபடி சொல்ல வைக்கக் கூடாது. "பார்வையில்லாதவள் எப்படி அடையாளம் காட்டுவாள்?" என்பார்கள். குரலை வைத்துக் காட்டிய பெண்ணின் சாட்சியத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல என்றும் சொன்னது.

சில பெற்றோர் "கர்ப்பப்பையை எடுத்துடலாமா?" என்று கேட்பார்கள். பயத்தில் கேட்கிறார்கள், கோபப்படாதே. கர்ப்பமாவதைத்தான் அது தடுக்கும், கொடுமையைத் தடுக்காது, கொடுமை வெளியே தெரிய இருந்த ஒரு வழியும் அடைந்துபோகும் என்று பொறுமையாகச் சொல்.

அட்டையை முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. விட்டுப்போன சொல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா